ஆளா, பெட்டியா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வைத்திக்குப்பத்தில் ஒருத்திக்கு மாமியாரோடு சண்டை போட்ட மறுநாள் தவறாமல் சாமி வரும். ஒரு நாள் நான் ஒரு குடம் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தேன், அன்றோடு அந்தச் சாமி மலையேறியது, இன்று வரை இறங்கவில்லை. அப்படிப்பட்ட தனம் சொல்கிறாள் என்பதற்காகவாவது கேளுங்கள். நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், தெரியும், சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இன்னொன்று, இது ராத்திரிக் கதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், பிரியாணி தின்ற கையில் வாசனைகூடப் போகாத மத்தியானம்.

முத்தொலி ஸ்பீக்கர் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? உங்கள் வயசுக்குத் தெரியாது, வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு காலத்தில் புதுச்சேரியில் சலூன், டீக்கடை, கல்யாண வீடு எங்கே போனாலும் மூலையில் ஒரு முத்தொலிப் பெட்டி உட்கார்ந்திருக்கும், முன்பக்கம் பழுப்புத் துணி, கீழே சிப்பிப் படம். பெரிய தொழிற்சாலையில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். நெல்லித்தோப்பில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். முதலாளி சைகோனில் ரேடியோக் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரை நாங்கள் முசே என்போம், ஐயா என்பதற்குப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வார்த்தை. மில் தொழிலாளி வீட்டுப் பெண்களும் என்னைப் போல மீன்கார வீட்டுப் பெண்களும்தான் அங்கே வேலைக்கு. ஸ்பீக்கருக்குள் வைக்கிற காகிதக் கூம்புகளுக்குப் பசை தடவித் துணி காயப்போடுவது போலக் கொடியில் வரிசையாக மாட்டுவோம், காக்கா ஒன்றைக் கொத்திக்கொண்டு பறக்கும், நாங்கள் கத்திக்கொண்டு தெரு வரைக்கும் ஓடுவோம். பசை நாற்றம், மரத்தூள், மத்தியானம் ஆனால் அத்தனையையும் அமுக்குகிற மாதிரி என் மீன்குழம்பு. அந்த நாட்களில் சிரித்த மாதிரி நான் அதற்குப் பிறகு சிரித்ததில்லை, இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

என் வேலை கேட்பது. ஆமாம், கேட்பதற்குச் சம்பளம். கொட்டகையின் கடைசியில் ஒரு சின்ன அறை, குறுக்கே கெட்டியான நீலத் திரை. முசே புதிதாக ஒரு மாதிரிப் பெட்டி செய்யும்போதெல்லாம் அதைத் திரைக்கு அந்தப் பக்கம் வைப்பார், பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு என் சிநேகிதி தெரேசாவை உட்காரவைப்பார். இந்தப் பக்கம் நான், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு முறை தெரேசா நேராகப் பேசுவாள், ஒரு முறை அவள் டேப்பில் பேசிவைத்ததைப் பெட்டி வழியாகப் போடுவார்கள், எது எப்போது என்று எனக்குத் தெரியாது. குரல் கேட்டதும் நான் கத்த வேண்டும், ‘ஆள்!’ இல்லாவிட்டால் ‘பெட்டி!’ பெட்டி பேசும்போது நான் ஏமாந்து ‘ஆள்’ என்று கத்திவிட்டால் அந்தப் பெட்டி தேறியது என்று அர்த்தம். தப்பு செய்தால் கைதட்டல் வாங்குகிற வேலை உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் இருந்திருக்கும். “தனம் ஏமாந்துட்டா!” என்று முசே வெளியே ஓடிவருவார், கொட்டகைக்கே போண்டா.

ஆனால் நான் லேசில் ஏமாற மாட்டேன். அந்த ரகசியத்தை அப்போது யாருக்கும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். ஆள் பேசுவதற்கு முன்னால் உதடு பிரிகிற ஒரு சின்னச் சத்தம் வரும், மிகச் சின்னது. டேப்பில் பதிந்தால் அது இரைச்சலில் அமுங்கிவிடும். நான் குரலுக்குக் காத்திருக்க மாட்டேன், உதட்டுக்குத்தான் காத்திருப்பேன்.

தெரேசாவுக்கு என்ன பேசுவது என்று எழுதிக் கொடுக்க மாட்டார் முசே, மனப்பாடமானால் சோதனை கெட்டுவிடும் என்பார். அதனால் அவள் வாய்க்கு வந்ததைப் பேசுவாள், பெரும்பாலும் ஆரோக்கியத்தைக் கிண்டலடிப்பாள். ஆரோக்கியம் எங்களுக்குப் பெட்டி அடித்துக் கொடுத்த தச்சர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் வருவார், அவர் இருக்கும்போதே “இந்தப் பெட்டிய செஞ்சவரு நேத்து ஆணின்னு நெனச்சி கட்ட வெரல அடிச்சிக்கினாரு” என்பாள், கொட்டகை முழுக்கக் கேட்கும். மனுஷன் காது சிவந்து நிற்பார். கடைசியில் அவரையே கட்டிக்கொண்டாள். மாதா கோயிலில் கல்யாணம், பந்தலில் பாடியது முத்தொலிதான்.

அப்புறம் வெளியூர்ப் பெட்டிகள் வந்தன, முசே போய்ச் சேர்ந்தார், கொட்டகையைப் பூட்டினார்கள். அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது இப்போது நடந்தது. தெரேசாவுக்குத் தொண்டையில் புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், உயிர் தங்கியது, பேச்சு போனது. கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதன் மேல் ஈரக் கைக்குட்டை கட்டிக்கொள்வாள். தொண்டையில் வைத்துப் பேச ஒரு கருவி கொடுத்தார்கள், அது வண்டு மாதிரி இரைந்தது, “இது அவ இல்ல” என்று ஆரோக்கியம் அழுதுவிட்டார், அவள் அதைத் தூக்கிப் பீரோவில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சர்க்கரையில் கண் போனது. யோசித்துப் பாருங்கள், அவள் எழுதிக் காட்டினால் அவருக்குப் பார்வை இல்லை, அவர் கேட்டால் அவளுக்குக் குரல் இல்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர். அவர் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். அவர் பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் ஒதுங்காதவர், எழுத்துக் கூட்டுவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும், அவள் கோபத்தில் அந்தக் கையிலேயே ஓர் அடி வைப்பாள். போன பொங்கலுக்குப் பிறகு அவள் முன்பற்கள் இரண்டும் ஆட்டம் கண்டு எடுத்துவிட்டார்கள். அதை மட்டும் அவருக்குச் சொல்லாதே என்று எழுதிக் காட்டி, என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அந்தப் பல் வரிசையைச் சொல்லிச் சொல்லிக் கொஞ்சிய மனுஷனாயிற்றே. அன்றிலிருந்து அவர் கை முகத்துப் பக்கம் வந்தாலே தட்டிவிடுவாள்.

ஒரு நாள் நான் மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். தெரேசா மீன் கழுவக் கொல்லைக்குப் போனதும் ஆரோக்கியம் என் பக்கம் குனிந்தார்.

“தனம், ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லிடாத. எனக்கு அவ கொரலு மறந்து போயிகினு இருக்குது.”

“என்னாண்ணே பேசற நீ?”

“நெசமாத்தான். ராத்திரில நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். வார்த்த வருது, கொரலு வர்ல. அதுவும் போச்சுன்னா எனக்கு என்னா இருக்குது சொல்லு.”

ஏதாவது பதிவு இருக்காதா என்று தேடினேன். அவர்கள் மகள் கல்யாண வீடியோவில் தெரேசா படம் முழுக்க வாயாடுகிறாள், ஆனால் வீடியோக்காரன் புண்ணியவான் ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவைத்திருக்கிறான். பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. மகளின் போனிலும் ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே இருக்கிறவள் குரலை யார் பிடித்து வைக்கப் போகிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் விக்னேஷ் என்று ஒரு பையன் போன் செய்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, பழைய ஸ்பீக்கர்களைத் தேடித் தேடி வாங்குகிற பைத்தியம், முத்தொலி என்றால் உயிர். நெல்லித்தோப்புக் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள், அதற்குள் பழைய ஆட்கள் ஒரு முறை கூடலாம், முசே வீட்டுப் பரணில் ஒரு டேப் சுருள்கூடக் கிடைத்திருக்கிறது, சோதனைக்குப் பேசிய டேப் போலிருக்கிறது என்றான். நான் நேராக ஆரோக்கியத்திடம் போய், “அண்ணே, ஞாயித்துக்கெழம உன் பொண்டாட்டி கொரல உனக்குக் கேக்க வெக்கிறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு வாய் முந்தும், மூளை பின்னால் நடந்து வரும்.

அன்றைக்கு ஆட்டோவில் போகும்போதே தெரேசா அவர் கையைப் பிடித்து எதையோ எழுதிக்கொண்டே வந்தாள். “கேஸ் தீந்துபோச்சா? கதவப் பூட்டலியா? என்னான்னு தெரியல, உடுடி” என்று அவர் கையை இழுத்துக்கொண்டார். அவர் மனசெல்லாம் டேப்பில் இருந்தது. என்னடி என்று நான் கேட்டதற்கு, உனக்கில்லை என்பது போல அவள் கையை ஆட்டினாள்.

வருகிறேன் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்கள் பிரியாணி தின்றுவிட்டுக் கிளம்பினார்கள், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் யாரை விட்டது. கடைசியில் நான், தெரேசா, ஆரோக்கியம், விக்னேஷ், நான்கே பேர். விக்னேஷ் பழைய அறையை அப்படியே ஜோடித்திருந்தான், நீலத் திரைகூட. திரைக்குப் பின்னால் அவனுடைய முத்தொலிப் பெட்டி ஒன்று, ஸ்டூல். அது பார்வைக்கு வைத்தது, முதுகுப் பலகை கழற்றி உள்ளே ஒயர்கூட இல்லாமல் இருந்தது. டேப்பைப் போட இந்தப் பக்கம் மேசை மேல் தனியாக ஒரு கருவி, போனையும் அங்கேயே நிறுத்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

டேப் சுற்றியது. ஆரோக்கியம் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். கரகர என்று சத்தம். இன்னும் கரகர. தெரேசா கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூஞ்சை பிடிச்சிருக்கும்மா, குரல் எதுவுமே மிஞ்சல, சாரி” என்றான் விக்னேஷ்.

ஆரோக்கியம் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் அவமானத்தில் வெந்துபோனேன். தெரேசா எழுந்து திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள், பழைய ஸ்டூலில் உட்கார்ந்து அழப்போகிறாள் என்று நினைத்தேன், நான் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்லித் தேற்றுவது? பழைய இடத்தில், திரைக்கு முதுகைக் காட்டி என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஆரோக்கியம். அப்போது பார்த்து கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, டேப் நின்றது. தெருவுக்கே போய்விட்டதா என்று பார்க்க விக்னேஷ் வாசலுக்குப் போனான்.

இதுதான் நீங்கள் சிரிக்கப் போகிற இடம்.

என் முதுகுக்குப் பின்னால் ஓர் உதடு பிரிந்தது.

அத்தனை வருஷம் அதற்காகவே காத்திருந்த காது இது, தப்பவே தப்பாது. அதைத் தொடர்ந்து தெரேசாவின் குரல், நிதானமாக, கொஞ்சம் எரிச்சலோடு:

“யோவ், உன் உளிப்பெட்டியில பூன குட்டி போட்டு வெச்சிருக்குது. சும்மா கைய உட்டுத் தொழாவாத, பிராண்டிடும்.”

“ஆள்!” என்று கத்தினேன். பழக்கம், என்ன செய்ய, யோசித்துக் கத்தியதில்லை.

பக்கத்தில் ஆரோக்கியம், தினம் பேசிக்கொண்டிருக்கிறவளிடம் கேட்பது போலச் சர்வசாதாரணமாக, “எத்தினி குட்டிடி?” என்றார்.

பதில் வரவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுந்து திரையை இழுத்தேன். ஸ்டூல் காலி. பெட்டி ஒயரில்லாமல் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது, வெளியே தள்ளிக் குழாயடியில் தெரேசா கழுத்துக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். வெக்கை அடித்தால் அவள் அடிக்கடி நனைத்தாக வேண்டும். என்னைப் பார்த்து, என்ன என்று புருவத்தை உயர்த்தினாள்.

நான் குழறிக் குழறிக் கேட்டேன். “அடியே, உங்க ஊட்ல பூன குட்டி போட்டிருக்குதா? உளிப்பெட்டியில?”

அவள் கையிலிருந்த கைக்குட்டை கீழே விழுந்தது. என்னைப் பார்த்தாள், உள்ளே இருந்த ஆரோக்கியத்தைக் கையை நீட்டிக் காட்டினாள், தன் உள்ளங்கையில் தானே எழுதிக் காட்டினாள். காலையிலிருந்து அவர் கையில் எழுதிக்கொண்டு வந்தது அதைத்தான்! தினம் சாயந்திரம் அவர் உளிகளைத் தடவிப் பார்ப்பார், கையை விட்டுவிடப் போகிறாரே என்ற பயம் அவளுக்கு. நான் யார் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று சைகையில் கேட்டாள். நீதாண்டி சொன்னாய் என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள்.

விக்னேஷ் வாசலிலிருந்து வந்து, “உள்ள இன்னொரு அம்மா வந்திருக்காங்களா? யாரோ பூனைன்னு பேசினாங்களே” என்றான். ஆக, அவனுக்கும் கேட்டிருக்கிறது. சரி, வீடியோ ஓடிக்கொண்டிருந்ததே, போட்டுப் பார்ப்போம் என்று போட்டான். கரகர, மின்விசிறி நிற்பது, தெருவில் ஒரு ஹாரன். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று நான், “ஆள்!” அடுத்து ஆரோக்கியம், “எத்தினி குட்டிடி?” அவ்வளவுதான். போனுக்குக் கேட்கவில்லை, அந்தப் பையனுக்குக் கேட்டிருக்கிறது. அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான், கடைசியில் அந்தப் பெட்டியை ஆரோக்கியம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

அவர்கள் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உளிப்பெட்டியைப் பார்த்தேன். கந்தல் துணி மேல் கண் திறக்காத குட்டிகள், தாய்ப்பூனை என்னைப் பார்த்துச் சீறியது.

நான் யோசிக்காமல் இல்லை. ஆரோக்கியத்துக்குக் கண் போனாலும் காது கூர்மை, ராத்திரியே குட்டிகளின் சத்தம் கேட்டிருக்கும், அது மனசுக்குள் கிடந்து அவள் குரலாக அவருக்குக் கேட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். சரி, எனக்கு? அந்தப் பையனுக்கு? அவமானத்தில் என் புத்தி தடுமாறியது என்றால் அவன் புத்திக்கு என்ன கேடு? மாதா கோயில் சாமியாரைக் கேட்கலாமா என்று ஆரோக்கியத்திடம் கேட்டதற்கு, “எதுக்குத் தனம்? என் பொண்டாட்டி எங்கிட்ட பேசினா, இதுல போயி என்னா கேக்கறது” என்றார். எனக்குத்தான் தலை சுற்றுகிறது, அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. நம்பினால் நம்புங்கள், மனுஷன் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எப்படியோ மறந்திருப்பேன்.

சில நாள் கழித்துப் போயிருந்தேன். முத்தொலிப் பெட்டி கூடத்தில், அதன் மேல் ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. தெரேசா அடுப்படியில் இருந்தாள். ஆரோக்கியம் அந்தக் குட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“தனம், கொரலு நல்லா ஞாபகம் வந்துடுச்சு. கண்ண மூடினா கேக்குது. ஆனா ஒண்ணு புரியல.”

“என்னாண்ணே?”

“சும்மான்னு சொன்னா பாரு, அது வழுக்கினு போச்சு. காத்து வந்துச்சு. அவ அப்பிடிப் பேச மாட்டா. அவளுக்கு முன்பல்லு உழுந்துடுச்சா?”

அன்றைக்கு அந்தக் குரலில் ஏதோ ஒன்று புதிதாக இருந்தது, என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. அவளுக்குக் குரல் போனது முதலில், பல் போனது பிறகு. பொக்கை வாயோடு தெரேசா ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அந்தக் குரல் எந்த டேப்பிலும் இருக்க முடியாது, என் ஞாபகத்திலும் இருக்க முடியாது, அவர் ஞாபகத்திலும் இருக்க முடியாது. நானோ சத்தியத்தைக் காப்பாற்றி மூச்சு விடவில்லை.

தெரேசா அடுப்படி வாசலில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டாள். மெதுவாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், தலைப்பை விலக்கி அவர் விரலைப் பிடித்துத் தன் ஈறில் வைத்தாள். அவர் தடவிப் பார்த்தார். “அட, இதுக்காடி என் கையத் தட்டித் தட்டி உட்ட?” என்று சொல்லிச் சிரித்தார், அவர் சிரித்து எத்தனையோ காலமாயிற்று. அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

இப்போதும் நான் போகும்போதெல்லாம் தெரேசா என் கையைப் பிடித்து ஒரே கேள்வியைத்தான் எழுதுகிறாள், எப்படி இருந்தது என் குரல் என்று. எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லையே. நல்லா இருந்ததுடி என்கிறேன். அன்றைக்கு நான் ‘ஆள்’ என்று கத்தினேன், அது சரியா தப்பா என்று சொல்ல முசேயும் இல்லை. நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.